மூச்சடங்கும் பேரிசைக் கருவி

மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த விருத்தாசலம், திருமுதுகுன்றம் எனவும் பழமலை எனவும் வழங்கப்பெறும் தொன்மை சான்ற ஊராகும். பழமலைநாதர் திருக்கோயிலால் சிறப்புற்ற அவ்வூர், பின்னாளில் பீங்கான் தொழிலாலும் பெயர் பெற்றது. பீங்கான் தொழில்நுட்பம் பயிற்றும் அரசினர் பயிலகமும் அங்கே உண்டு. அவ்வூர்த் தொழிலாளர் வெண்களியைக் கூழாகக் கரைத்துச் சுண்ண அச்சுகளில் வார்ப்பர். அச்சு தன் இயல்பினால் நீரை உறிஞ்சிக்கொள்ள, அதன் உட்புறமெங்கும் களி மெல்லிய தோல்போலப் படியும். எஞ்சிய கூழைக் கவிழ்த்துவிட்டு, அச்சைப் பிரித்து, உலர்த்திச் சூளையிலிட்டுச் சுடுவர். கொலுப் பொம்மைகள் பலவும் இவ்வாறு பிறப்பனவே. அவை புறத்தே திண்ணியனவாய்த் தோன்றினும் அகத்தே வெறுமையுடையன.

அவ்வெறுமையே ஈண்டுக் கருதத்தக்கது. உள்ளே வெற்றிடமுடைய சுட்ட மண் குடுவை ஒன்றில் சிறு துளை இட்டு, அத்துளையின் எதிரே கூரிய விளிம்பு ஒன்றை அமைத்தால், அஃது ஊதலாகிவிடும். திருவிழாக் கடைகளில் சிறுவர் வாங்கி ஊதும் மண் குருவி இத்தகையதே. வாயினின்று செல்லும் காற்று விளிம்பில் மோதி, உள்ளும் புறமுமாக மாறி மாறி அசைகின்றது. அவ்வசைவினால் உள்ளிருக்கும் காற்று அதிர்கின்றது, அதிர்வு ஒலியாகின்றது. குருவி சிறிதாயின் ஒலி கூர்மையாகவும், பெரிதாயின் தாழ்ந்தும் கேட்கும். வேய்ங்குழல் ஒலிப்பதும் இவ்விதியால்தான். ஆயின் குழலில் விரல்களால் துளைகளை மூடியும் திறந்தும் காற்றின் நீளத்தை மாற்றுகின்றோம். அதனால் ஒரு குழலே பல சுரங்களைத் தருகின்றது.

துளைகளே இல்லாத குழல்களைப் பல நீளங்களில் செய்து, ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு குழல் என வரிசையாக நிறுத்தி, அவற்றுக்கெல்லாம் ஒரே துருத்தியினின்று காற்றூட்டினால் எப்படியிருக்கும்? அதுவே ஆர்கன் என்னும் பேரிசைக் கருவி. தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி, மிடற்றுக்கருவி என நம் முன்னோர் இசைக்கருவிகளை வகுத்த முறைப்படி பார்த்தால், இது துளைக்கருவியின்பாற்படும். ஆயினும் மனிதன் மூச்சு இதற்குப் போதாது. கொல்லன் உலையில் உள்ளதுபோன்ற துருத்தி இதற்கு நுரையீரல்.

இதன் அமைப்பைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். அமைப்பை அறிந்தாலன்றி அதன் நோயை அறிதல் இயலாது. துருத்தியினின்று எழும் காற்று, தோலால் மடிப்பு வைத்த பெரிய தேக்கப் பெட்டியில் நிறைகின்றது. அதன் மேலே வைத்த பாரத்தால் காற்று எப்போதும் ஒரே அழுத்தத்தில் இருக்கும். அவ்வழுத்தம் மிகச் சிறிதே. மூன்று அங்குல உயரமுள்ள நீர் தரும் அழுத்தத்துக்கு ஏறத்தாழ ஒப்பாகும். தேக்கத்தினின்று காற்று, குழாய்கள் நிற்கும் மரப்பேழைக்குள் செல்கின்றது. அப்பேழையினுள்ளே ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் அடைப்பிதழ் உண்டு. இசைப்போர் கட்டையை அழுத்தும்போது, மெல்லிய மரச்சட்டங்களும் கம்பிகளும் அந்த அசைவைக் கடத்தி அடைப்பிதழைத் திறக்கின்றன. உடனே குழாய் பாடுகின்றது. விரலை எடுத்தால் இதழ் மூடிக்கொள்கின்றது. கைகளுக்கு ஒன்றோ இரண்டோ அதற்கு மேலோ விசைப்பலகைகளும், கால்களுக்குத் தனியே ஒரு கட்டை வரிசையும் உண்டு. பக்கத்தே உள்ள குமிழ்களை இழுத்தால் வெவ்வேறு குழாய் வரிசைகள் பாடத் தொடங்கும், தள்ளினால் அடங்கும்.

ஒரு விசைப்பலகையில் 56 முதல் 61 வரை கட்டைகள் இருக்குமாயின், ஒரு வரிசைக்கும் அத்தனை குழாய்கள் வேண்டும். பத்து வரிசையுடைய சிறிய ஆர்கனிலேயே அறுநூறு குழாய்கள் நிற்கும் என்பது இதனால் விளங்கும். மிகச் சிறிய குழாய் எழுதுகோல் அளவே இருக்க, பெரியது 8 அடி, 16 அடி என ஓங்கி நிற்கும். 8 அடித் திறந்த குழாயில் காற்று நொடிக்கு ஏறத்தாழ 65 முறை அதிர்கின்றது. நீளம் இரட்டித்தால் அதிர்வு பாதியாகும். குழாயின் உச்சியை மூடிவிட்டால் 8 அடிக் குழாயே 16 அடிக் குழாயின் தாழ்ந்த ஒலியைத் தரும். இடமும் பொருளும் குறைந்த கோவில்களுக்கு இவ்வுத்தி பெரிதும் துணைசெய்தது.

குழாய்கள் பெரும்பாலும் வெள்ளீயமும் காரீயமும் கலந்த தகட்டால் ஆனவை. சில மரத்தால் ஆனவை. பீங்கானால் செய்தல் ஆகாதோ என விருத்தாசலத்துச் சிறுவன் ஒருவன் வினவுவானாயின், அவ்வினா தக்கதே. செருமனியில் மைசன் என்னும் ஊரில் 1710இல் நிறுவப்பெற்ற புகழ்வாய்ந்த பீங்கான் தொழிற்சாலையினர், 18ஆம் நூற்றாண்டிலேயே பீங்கான் குழாய்கள் செய்ய முயன்று தோற்றனர். பீங்கான் சூளையில் வேகும்போது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு சுருங்கிவிடும். சுருக்கம் மயிரிழை பிறழ்ந்தாலும் சுரம் பிறழும். வெந்தபின் அதனை வெட்டவோ வளைக்கவோ இயலாது. ஈயத் தகடாயின் தட்டியும் விரித்தும் சரிசெய்துகொள்ளலாம். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 2000ஆம் ஆண்டிலேதான் மைசன் தொழிலாளர் ஒலிக்கும் பீங்கான் குழாய்களைச் செய்து ஆர்கனில் பொருத்தினர். களியின் சுருக்கத்தைக் கணக்கிட்டு அச்சு வடிப்போர்க்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

ஆர்கனின் பிறப்பு கிறித்தவ சமயத்துக்கும் முற்பட்டது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தெசிபியசு என்னும் பொறியறிஞர், நீரின் பாரத்தால் காற்றழுத்தத்தைச் சீராக்கி, குழாய்களை ஒலிக்கச் செய்தார். உரோமானியர் அதனைக் களியாட்டரங்குகளில் முழக்கினர். கி.பி. 757இல் பைசாந்தியப் பேரரசர் பிராங்கியரின் மன்னன் பெப்பினுக்கு ஆர்கன் ஒன்றைப் பரிசாக அனுப்பினார். அரண்மனைப் பொருளாயிருந்த அது, பின்னரே ஐரோப்பியக் கோவில்களில் இடம்பெற்றது. களியாட்டரங்கில் முழங்கியது வழிபாட்டிடத்தில் அமைதி தருவதாயிற்று. கருவிகளுக்கும் பிறவிகள் பல உண்டு போலும்.

தமிழ்நாட்டில் ஐரோப்பியர் தம் குடியிருப்புகளை அமைத்த காலத்தில் கோவில்களும் எழுந்தன. சென்னைச் செயின்ட் சார்ச்சுக் கோட்டையில் உள்ள புனித மரியாள் கோவில் 1680இல் அருட்பொழிவு பெற்றது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் எழுப்பிய புதிய எருசலேம் கோவில் 1718ஆம் ஆண்டினது. எழும்பூரில் உள்ள புனித அந்திரேயா கோவில், தெ ஆவிலந்து என்னும் பொறியாளரின் வரைவுப்படி 1818இல் தொடங்கப்பெற்று 1821இல் திறக்கப்பெற்றது. அவ்விடத்து மண் நெகிழ்வுடையதாதலின், நம் நாட்டு வழக்கப்படி கிணறுகள் பல இறக்கி, அவற்றின்மீது அடித்தளம் அமைத்தனர். அக்கிணறுகள் 14 அடி முதல் 50 அடி வரை ஆழமுடையன. நம்மவர் தண்ணீருக்காகக் கண்ட கலை, ஒரு பெருங்கோவிலைத் தாங்கி நிற்கின்றது.

அக்கோவிலில் 1883இல் ஆர்கன் ஒன்று நிறுவப்பெற்றது. இங்கிலாந்தில் அடர்சுபீல்டு என்னும் ஊரில் தொழில் நடத்திய பீட்டர் கொனாக்கர் நிறுவனத்தார் அதனைச் செய்தளித்தனர். அக்காலத்தில் இத்தகைய கருவிகள் தொழிற்கூடத்தில் ஒருமுறை முழுவதும் பூட்டி, ஒலித்துப் பார்த்துப் பின் பிரிக்கப்பெறும். ஒவ்வொரு குழாயையும் பொதிந்து, பெட்டிகளில் அடைத்துக் கப்பலேற்றுவர். துறைமுகத்தில் இறங்கிய பெட்டிகளைக் கோவிலுக்குக் கொணர்ந்து மீண்டும் பூட்டுவர். பூட்டியபின், அக்கோவிலின் சுவர்களும் கூரையும் ஒலியை எவ்வாறு ஏற்று எதிரொலிக்கின்றன என்பதைக் கேட்டுணர்ந்து, குழாய்களின் வாயை ஒவ்வொன்றாகத் திருத்துவர். ஆகவே ஓர் ஆர்கன் ஒரு கட்டடத்துக்கே உரியது. அதனை வேறிடத்துக்குப் பெயர்த்தால், பிறந்த மண்ணினின்று பிடுங்கி நட்ட முதிர்ந்த மரத்தின் நிலையை அடையும்.

இக்கருவியைச் சூழ்ந்து ஒரு சிறு குடும்பமே வாழ்ந்தது. முதலாமவர் இசைப்போர். இரு கைகளும் இரு கால்களும் ஒருங்கே தொழில்படவும், கண் ஏட்டிலும் செவி பாடகர் குரலிலும் நிற்கவும், ஆண்டுக்கணக்கில் பழகினாலன்றி இக்கலை கைவாராது. சென்னைப் புனித அந்திரேயா கோவிலில் ஆர்கன் இசைத்து, வானொலியிலும் இசைப்பணி ஆற்றிய ஆண்டல் மானுவல் போன்றோரால் இக்கலை இந்நகரில் தழைத்தது. இரண்டாமவர் சுருதி சேர்ப்பவர். இவர் பணிக்கு இருவர் வேண்டும். ஒருவர் கட்டையை அழுத்திக்கொண்டு கீழே அமர்ந்திருக்க, மற்றவர் குழாய்க் காட்டினுள் பலகைமேல் ஊர்ந்து சென்று, ஒவ்வொரு குழாயையும் தட்டியும் நீட்டியும் சரிசெய்வார். 1842இல் மிசுக்வித்து என்பார் சென்னையில் தொடங்கிய இசைக்கருவி நிலையம் போன்றவை, அந்நாளில் பியானோக்களையும் ஆர்கன்களையும் பேணுதற்கு வேண்டிய ஆட்களை வைத்திருந்தன. பின்னர் மியூசி மியூசிக்கல் என்னும் பெயரால் அந்நிலையம் வழங்கலாயிற்று.

மூன்றாமவரை யாரும் காண்பதில்லை. அவர் துருத்தி மிதிப்பவர், அல்லது துருத்திக் கோலை ஏற்றி இறக்குபவர். திரைக்குப் பின்னே நின்று, நூலில் தொங்கும் சிறு ஈயக் குண்டையே நோக்கிக்கொண்டிருப்பார். காற்று நிறைந்தால் குண்டு ஒரு பக்கமும், குறைந்தால் மறுபக்கமும் நகரும். அவர் ஒருகணம் கண்ணயர்ந்தால் பாட்டின் நடுவே கருவி விம்மி அடங்கிவிடும். இருபதாம் நூற்றாண்டில் மின்னாற்றல் கொண்டு சுழலும் காற்றுப்பொறிகள் வந்தபின் அவர் தேவையற்றவரானார். நன்கொடையாளர் பெயர்கள் பித்தளைத் தகடுகளில் பொறிக்கப்பெற்ற கோவில்கள் பல. துருத்தி மிதித்தவர் பெயர் பொறித்த தகடு காண்டல் அரிது.

இனி, இக்கருவி நலிந்த வரலாற்றைக் காண்போம். ஆர்கன் குளிர்நாட்டில் பிறந்தது. ஆண்டுதோறும் கோடையையும் வடகிழக்குப் பருவமழையையும் மாறி மாறித் தாங்கவேண்டிய சென்னை அதற்குக் கடுமையான ஊர். மழைக்காலத்தில் மரம் ஈரம் உறிஞ்சிப் பருக்கின்றது. கட்டைகள் ஒன்றோடொன்று இறுகிக் கொள்கின்றன. அடைப்பிதழ் நெளிந்து முற்றும் மூடாது நின்றுவிடுகின்றது. அப்பொழுது ஒரு குழாய் யாரும் தொடாமலே ஓயாது ஒலிக்கும். வழிபாட்டின் நடுவே, மறையுரை நிகழும்போது, ஒற்றைச் சுரம் ஒன்று தானே அலறத் தொடங்கினால் என்னாகும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். கோடையில் அதே மரம் வறண்டு வெடிக்கின்றது. வெடிப்பின் வழியே காற்று கசிந்து, அழுத்தாத சுரங்களும் முனகுகின்றன. விலங்குத் தோலினின்று காய்ச்சிய பசை ஈரத்தில் இளகுகின்றது. துருத்தியின் ஆட்டுத்தோல் மடிப்புகளிலே கிழிகின்றது.

வெப்பத்தால் வரும் பிறிதொரு தொல்லை நுட்பமானது. காற்று சூடேறினால் அதனூடே ஒலி விரைந்து செல்லும். எனவே குழாயின் சுரம் உயரும். காலை வழிபாட்டுக்கும் நண்பகலுக்கும் இடையே ஆறு பாகை வெப்பம் உயர்ந்தால், சுரம் நூற்றுக்கு ஒரு பங்கு உயர்ந்துவிடும். எல்லாக் குழாய்களும் ஒருசேர உயர்ந்தால் கேடில்லை. ஆனால் உலோக நாக்கு வைத்த குழாய்கள் அவ்வாறு உயர்வதில்லை. நாதசுரத்துச் சீவாளிபோல நாக்கே அவற்றின் சுரத்தைப் பெரும்பாலும் உறுதிசெய்கின்றது. ஆகவே ஒரே கருவியினுள் இரு கூட்டத்தார் பிணங்கி நிற்பர். காலையில் சேர்ந்த சுருதி நண்பகலில் கலைந்துவிடும்.

இவற்றோடு கறையானும் எலியும் சேர்கின்றன. கறையான் வெளியே மெருகு குன்றாதபடி உள்ளே மரத்தைத் தின்றுவிடும். எலிக்குத் தோலும் கம்பளித் துணியும் இனிய இரை. ஈயக் குழாய்களையும் கடித்துவிடும். கடற்காற்றின் உப்பு கம்பிகளைத் துருவேற்றுகின்றது. காரீயம் மிகுந்த பெருங்குழாய்கள் நாள்பட நாள்படத் தம் பாரத்தைத் தாமே தாங்கமாட்டாமல் அடியில் மடிந்து சாய்கின்றன.

ஆயினும் பருவத்தின்மீதே பழி முழுவதையும் சுமத்துதல் முறையன்று. முற்காலத்திலும் இதே வெயிலும் இதே மழையும் இருந்தன. கருவி பாடிக்கொண்டுதான் இருந்தது. உற்ற பழுதை உற்றபோதே நீக்க ஆள் இருந்தமையே அதற்குக் காரணம். 1947க்குப் பின் ஆங்கிலேயர் பலர் நாடு திரும்பினர். கோவில்களின் பொறுப்பு இந்நாட்டு மக்கள் கைக்கு வந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 27ஆம் நாள் சென்னைக் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை தோன்றியது. பள்ளியும் மருத்துவமனையும் நடத்தவேண்டிய திருச்சபைக்கு, ஆர்கன் பழுது பார்த்தல் முதற்கடமையாகத் தோன்றாதது இயல்பே. சுருதி சேர்ப்போர் முதுமையுற்றபோது அவர்தம் தொழிலைக் கற்க இளைஞர் வரவில்லை. ஆண்டுக்குச் சில நாள் வேலை தரும் தொழிலை நம்பி யார் வருவர்? பழுது நீக்க வேண்டின் கடல் கடந்து ஆள் வரவேண்டும், பொருளும் வரவேண்டும் என்னும் நிலை உண்டாயிற்று.

ஆர்கன் ஒரே நாளில் இறப்பதில்லை. முதலில் ஒரு சுரம் ஊமையாகும். இசைப்போர் அச்சுரம் வாராத பாட்டைத் தேர்ந்துகொள்வார். பிறகு ஒரு வரிசையே அடங்கும். அவ்வரிசைக் குமிழை இழுப்பதை விட்டுவிடுவார். பின்னர்த் திருநாள்களில் மட்டும் இசைத்தல் என்றாகும். இசைக்காத நாள்களில் தூசி படியும், எலி குடிபுகும், தோல் விறைக்கும். நாள்தோறும் மூச்சு வாங்கும் துருத்தியே வளைந்து கொடுக்கும். ஓய்ந்த துருத்தி ஓய்வினாலேயே கெடும். இறுதியில் ஒருநாள் பொத்தானை அழுத்தினால் காற்று சீறும் ஓசை மட்டுமே எழும். முகப்பில் நிற்கும் பெருங்குழாய்கள் வண்ணம் மங்காமல் நிற்கும். காண்போர் அவை பாடுவதாகவே எண்ணுவர். பாடுவதோ பக்கத்தில் வைத்த மின்னிசைப் பெட்டியாயிருக்கும்.

அம்மின்னிசைப் பெட்டியைப் பழித்தல் எளிது, நேர்மையன்று. அமெரிக்க நாட்டில் அம்மண்டு என்பார் 1935இல் மின் ஆர்கனை விற்பனைக்குக் கொணர்ந்தபோது, குழாய் ஆர்கன் வாங்க இயலாத சிறு கோவில்கள் அதனை மகிழ்ந்து ஏற்றன. பின் வந்த விசைப்பலகைகள் அதனினும் மலிவானவை. எடுத்துச் செல்ல எளியவை. சிற்றூர்க் கோவிலின் பாடகர் குழுவுக்கு அவை பெருந்துணை. நூற்றுக்கணக்கான குழாய்களைப் பேணும் செலவில் பத்து ஊர்களுக்கு இசை தரலாம் எனக் கணக்கிடுவோரை யார் குறை கூற இயலும்?

மேலும், ஆர்கன் இனத்தைச் சேர்ந்த ஒரு கருவி நம் மண்ணிலேயே வேரூன்றிவிட்டது. பாரிசு நகரத்துத் தெபேன் என்பவர் 1842இல் உரிமம் பெற்ற ஆர்மோனியமே அது. குழாய் இல்லை, பித்தளை நாக்குகளும் சிறு துருத்தியும் மட்டுமே உண்டு. கல்கத்தாவில் துவாரகநாத கோசு 1875இல் அதனைத் தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தி இயக்கி மறுகையால் வாசிக்கும்படி மாற்றியமைத்தார். அன்று முதல் அது நாடக மேடையிலும் பசனைக் கூடத்திலும் புகுந்தது. நம் இசையின் கமகங்களுக்கு அஃது இடந்தராது என்று கூறி அகில இந்திய வானொலி 1940இல் அதனை விலக்கி வைத்தது. 1971இல்தான் அத்தடை தளர்ந்தது. தடையினால் அது அழிந்துவிடவில்லை. ஊர்தோறும் அதனைச் செய்வாரும் செப்பனிடுவாரும் இருந்தனர் ஆதலின் வாழ்ந்தது. தமிழ்க் கிறித்தவர் தஞ்சை வேதநாயக சாத்திரியார் மரபில் வந்த கீர்த்தனைகளை ஆர்மோனியத்தோடும் மத்தளத்தோடும் பாடினர். மேனாட்டு மெட்டில் அமைந்த பாமாலைகளை ஆர்கனோடு பாடினர். இரண்டும் ஒரே கூரையின்கீழ் ஒலித்தன.

ஒரு கருவி முற்றும் மறைந்தால் நேரும் இழப்பைத் தமிழர்க்குப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பாணர் கையில் தவழ்ந்த யாழ், சங்கச் சான்றோராலும் இளங்கோவடிகளாலும் போற்றப்பெற்ற யாழ், எவ்வாறு நரம்பு கட்டப்பெற்றது, எவ்வாறு இசை கூட்டப்பெற்றது என்பதைக் கண்டு சொல்வார் இல்லாமற் போயிற்று. பாட்டு ஏட்டில் நின்றது, கை மறந்துவிட்டது. மட்டக்களப்புப் பகுதியிற் பிறந்த விபுலானந்த அடிகள் பல்லாண்டு உழைத்து, நூல்களில் சிதறிக் கிடந்த குறிப்புகளைக் கணிதத்தோடு பொருத்தி யாழ்நூலை இயற்றினார். 1947இல் அந்நூல் அரங்கேறிய சில வாரங்களிலேயே அடிகள் மறைந்தார். ஒரு யாழாசிரியன் மாணவன் ஒருவனுக்குக் கைப்பழக்கமாகச் சொல்லித் தந்திருப்பானாயின், அத்துணை உழைப்பு வேண்டியிராது.

ஆர்கன் அந்நிலையை இன்னும் அடையவில்லை. அதனைச் செய்யும் கலை ஐரோப்பாவில் வாழ்கின்றது. ஆர்கன் செய்தொழிலையும் ஆர்கன் இசையையும் செருமனியின் மரபுச் செல்வமாக யுனெசுகோ அவை 2017இல் தன் பட்டியலில் சேர்த்தது. 2019இல் பாரிசு நகரத்து நோத்ருதாம் பேராலயம் தீப்பற்றியபோது, ஏறத்தாழ 8,000 குழாய்களையுடைய அதன் பேரார்கன் எரியாது தப்பிற்று. ஆயினும் கூரையினின்று உருகிப் பரவிய ஈயத் தூசி அதனுள் படிந்தது. 2020இல் அதனைப் பிரித்து, துடைத்து, மீண்டும் பூட்டி, நகரம் அடங்கிய இரவு நேரங்களில் சுருதி சேர்த்தனர். 2024 திசம்பர் 7ஆம் நாள் அது மீண்டும் முழங்கிற்று. செல்வ நாடு, செய்தது என்பர் சிலர். அவர்க்கு விடை கூறுவதற்கு நம்மைப் போன்ற வெப்ப நாடு ஒன்றன் கதையே தக்கது.

பிலிப்பைன் நாட்டில் லாசுபின்யாசு என்னும் சிற்றூரில், தியேகோ செரா என்னும் துறவியார் 1816இல் ஓர் ஆர்கன் செய்யத் தொடங்கினார். உலோகம் அரிதாகவே, மூங்கிலைத் தேர்ந்தார். வெட்டிய மூங்கிலைப் பூச்சி அரியாதிருத்தற்பொருட்டுக் கடற்கரை மணலில் புதைத்து வைத்து, நாட்பட்டபின் எடுத்துப் பயன்படுத்தினார். 1824இல் முற்றுப்பெற்ற அக்கருவியில் 1,031 குழாய்கள். அவற்றுள் 902 மூங்கில். நிலநடுக்கமும் சூறாவளியும் அதனைச் சிதைத்தன. கூரையிழந்த கோவிலில் அது மழையில் நனைந்தது. நெடுங்காலம் பேச்சற்றுக் கிடந்தது. 1973இல் அதனைச் செருமனியின் பான் நகரத்துக் கிளைசு தொழிற்கூடத்துக்கு அனுப்பினர். அங்கே மூங்கில் வெடியாதிருக்க, பிலிப்பைன் நாட்டு வெப்பமும் ஈரமும் உடைய தனியறை அமைத்துப் பணிசெய்தனர். 1975இல் கருவி ஊர் திரும்பிற்று.

கதை அத்துடன் முடியவில்லை என்பதே சிறப்பு. மறு ஆண்டு முதல் அவ்வூரில் ஆண்டுதோறும் ஆர்கன் விழா நடத்தலாயினர். விழாவுக்குக் கருவி நன்னிலையில் இருத்தல் வேண்டும். அதற்குக் கைவல்லார் வேண்டும். அவ்வூர் இளைஞர் ஐரோப்பா சென்று தொழில் கற்றனர். 1994இல் லாசுபின்யாசிலேயே ஆர்கன் பட்டறை ஒன்று எழுந்தது. இன்று பிற ஊர்களின் பழைய ஆர்கன்களைச் செப்பனிடுவோர் அவர்களே.

நம் நாட்டில் இத்தொழிலுக்குரிய கைத்திறன்கள் இல்லாமலில்லை. மரம் இழைப்போர் உளர். தோல் பதப்படுத்துவோர் உளர். வெள்ளீயம் வார்ப்போர் உளர். சீவாளியைச் சீவிச் சுருதி காணும் நுண்செவியினர் உளர். இத்திறன்கள் ஓரிடத்தில் கூடவில்லை என்பதே குறை. விருத்தாசலத்தில் களி பிசைவோரும், அச்சு வடிப்போரும், சூளையறிவோரும் ஒரு பயிலகத்தையும் தொழிற்பேட்டையையும் சூழ்ந்து கூடியமையால் ஒரு தொழில் நிலைபெற்றது. அத்தொழிலும் இடர்ப்பாடு இன்றி இல்லை. ஆயினும் ஓர் அச்சுத் தேய்ந்தால் மறு அச்சு வடிக்க ஆள் உண்டு.

ஆர்கன் உள்ள கோவில்களில் ஒரு வழக்கம் உண்டு. விசைப்பலகையின் அருகே ஒரு குறிப்பேடு கிடக்கும். எந்தச் சுரம் ஊமையாயிற்று, எந்தக் குழாய் ஓயாது ஒலிக்கின்றது, எந்த வரிசை சுருதி கலைந்தது என்பதை இசைப்போர் அதில் நாளிட்டு எழுதி வைப்பார். சுருதி சேர்ப்பவர் வரும்போது அதனைப் படித்து, ஒவ்வொன்றாகத் திருத்தி, திருத்தியதற்கு அடையாளமாகத் தம் கையெழுத்தை இடுவார். இசைப்போர் எழுதிய வரிகள் பக்கம் பக்கமாக நீண்டு, எதிரே கையெழுத்து இல்லாதிருந்தால், அக்கருவி எந்நிலையில் உள்ளது என்பதை அதன் குழாய்களைத் தொடாமலே அறிந்துகொள்ளலாம்.